அடையாள அட்டையின் பின்பக்கம்

வேம்புலியம்மாள் மேனாம்பேட்டில் பிறந்து மேனாம்பேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட வயலின் மேல்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனி நிற்கிறது. எந்தக் கம்பெனி என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. வெயிலில் குனிந்து நிற்பதைவிட மின்விசிறிக்குக் கீழே நிமிர்ந்து நிற்பது நல்லது என்று பத்தொன்பது வயதில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். அதே கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த தங்கவேலைக் கட்டிக்கொண்டாள். ஜெகதீசன் என்று ஒரே மகன். இப்போது அவளுக்கு அறுபத்து மூன்று, தங்கவேலுக்கு அறுபத்தொன்பது.

அந்தக் கம்பெனியில் அவள் கற்றுக்கொண்ட பெரிய பாடம் பெட்டி கட்டுவது அல்ல, ஆடிட்டருக்குப் பதில் சொல்வது. சரக்கு வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை தரம் பார்க்க ஆடிட்டர் வருவார். அதற்குப் பத்து நாள் முன்பே சூப்பர்வைசர் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்ய வைப்பார். கம்பெனியின் தரக்கொள்கை என்ன, ஒடுக்கு விழுந்த பீஸை எந்த நிறப் பெட்டியில் போட வேண்டும், தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும். மனதில் நிற்காதவர்களுக்கு அடையாள அட்டையின் பின்பக்கத்தில் பதிலை எழுதி ஒட்டிவிடுவார்கள். காலை ஷிப்டில் ஆடிட்டர் என்ன கேட்டார் என்பதை மதிய ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் யாரும் வீட்டுக்குப் போவார்கள். ஆடிட்டரிடம் போய் உள்ளதைச் சொன்னவர் என்று முப்பது வருஷத்தில் ஒருவரும் கிடையாது. தங்கவேல் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். ஆடிட்டரை முதலில் அவருடைய மெஷினுக்குத்தான் கூட்டி வருவார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சில்லறை விஷயங்கள். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். சாப்பிட்ட கையோடு சாப்பாடு எங்கே என்பார். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த வேறு ஏதோ கம்பெனியின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் ஏறிய மிடுக்கைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியின் கேன்டீனில் வரிசையில் நின்று பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, இரண்டாவது கரண்டி கேட்டபோதுதான் செக்யூரிட்டிக்குச் சந்தேகம் வந்தது. ஜெகதீசன் போய் அழைத்து வந்தான். அவமானத்தில் அவன் முகம் சிவந்திருந்தது. தங்கவேல் வழியெல்லாம் பொங்கலில் முந்திரி நிறைய இருந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் தங்கவேலை உட்கார வைத்து ஒரு தாளைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார். இது என்ன வருஷம், என்ன மாதம், என்ன கிழமை, எந்த மாவட்டம், எத்தனையாவது மாடி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். மூன்று வார்த்தை சொல்கிறேன், பிறகு கேட்பேன், திருப்பிச் சொல்லுங்கள். மாவட்டம் செங்கல்பட்டு என்றார் தங்கவேல். அதற்கு வேம்புலியம்மாள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. இருந்த இடத்தில் இருந்த மேனாம்பேடு செங்கல்பட்டிலிருந்து திருவள்ளூருக்கும், திருவள்ளூரிலிருந்து சென்னைக்கும் போனதை அரசாங்கமே ஞாபகம் வைத்துக்கொண்டால்தான் உண்டு. ஆனால் மற்ற கேள்விகளிலும் அவர் தடுமாறினார். மருத்துவர் டிமென்ஷியா என்றார், ஆரம்பத்தைத் தாண்டிவிட்டது, மருந்து கொஞ்சம்தான் தாங்கும் என்றார். கூடவே ஒரு கடிதமும் கொடுத்தார். குமணன்சாவடி தாண்டி நசரத்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள், முயன்று பாருங்கள் என்றார்.

ஜெகதீசன் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தான். முதலில் ஞாபகசக்திப் பரீட்சை வைப்போம், மார்க்கை வைத்துத்தான் ஆளை எடுப்போம் என்று மறுமுனையில் சொன்னார்கள். எத்தனை மார்க் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. மார்க் என்றால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். மருமகள் ஹேமாவதி, பத்து நாள் இருக்கிறது, மாமாவை எப்படியாவது தேற்றிவிடலாம் என்றாள். வேம்புலியம்மாளோ அம்பத்தூர் மருத்துவர் கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. காலை ஷிப்டின் பழக்கம் அது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் காபி குடித்ததும் பயிற்சி ஆரம்பித்தது. ஹேமாவதி பேனாவும் அட்டையுமாக எதிரில் உட்கார்ந்து ஆடிட்டர் மாதிரி கேட்டாள். தங்கவேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மறதி நோய் வந்தவருக்குப் புதிதாக ஒன்றுமே ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், ஒரே வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தால் கொஞ்சம் ஏறும். எதற்காகச் சொல்கிறோம் என்பதுதான் ஏறாது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று அவர் நான்காம் நாளே ராகம் போட்டுச் சொன்னார். மல்லிகை, சாவி, படகு என்ற மூன்று வார்த்தைகளும் வாயில் உட்கார்ந்துவிட்டன. தேதியும் கிழமையும் மட்டும் நிற்கவில்லை. அதற்கு வேம்புலியம்மாள் வழி வைத்திருந்தாள். பழைய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி வருஷம், மாதம், தேதி, கிழமை, மாவட்டம், மாடி எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதினாள். மாவட்டத்துக்கு மட்டும் ஒரு சண்டை நடந்தது. வீடு இருப்பது சென்னை மாவட்டம், ஆஸ்பத்திரி இருப்பது திருவள்ளூர் மாவட்டம், எதை எழுதுவது என்று ஆட்டோவில் போகும்போதுகூட ஜெகதீசன் போனில் தேடிக்கொண்டு வந்தான்.

மருத்துவமனையில் அருள்மொழி என்கிற பெண் மருத்துவர்தான் இந்த ஆராய்ச்சியைக் கவனிப்பவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும், சிரித்த முகம். வீட்டார் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்றார். அம்பத்தூரில் கேட்ட அதே கேள்வித்தாள்தான் இங்கேயும். தங்கவேல் ஒவ்வொரு கேள்விக்கும் தலையைக் குனிந்து, ஒரு கணம் நிதானித்து, நிமிர்ந்து பதில் சொன்னார். அது பணிவு என்று மருத்துவர் நினைத்துக்கொண்டார். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றதும் ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஜெகதீசன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, மகள் மேடையில் ஆடுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

முப்பதுக்கு இருபத்தெட்டு.

அருள்மொழி தாளை மடித்து வைத்துவிட்டு, சந்தோஷமான செய்தி என்றார். ஐயாவுக்கு இந்த மருந்து தேவையே இல்லை. பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் வருகிறவர்களைத்தான் எடுக்கிறோம். ஒரு வருஷம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றார்கள். ஜாஸ்தி மார்க் வாங்கினால் சீட் இல்லை என்பதை ஜெகதீசன் எந்தப் பள்ளியிலும் கேள்விப்பட்டதில்லை. தங்கவேல் மட்டும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“இன்னா ஆச்சு, ஆடிட்டு ஓகேவா?” என்றார்.

ஓகே என்று சொல்லி அவரைக் கழிவறைக்கு அனுப்பினாள் வேம்புலியம்மாள். பத்து நிமிஷம் ஆகியும் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால், அவர் வேறு வாசல் வழியாக வெளியே வந்து, எலும்பு முறிவுப் பிரிவின் முன்னால் வேறொரு குடும்பத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் கொடுத்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண்மணியை வேம்புலி என்று கூப்பிட்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி. கொஞ்ச நேரம் உட்காருங்கண்ணா, சேர்ந்து போகலாம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

வேம்புலியம்மாள் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அப்படியே மருத்துவரின் அறைப் பக்கம் திரும்பினாள். ஜெகதீசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குறுக்கே வந்து நின்றான்.

“எம்மா, சொல்லாத. ஏமாத்திட்டாங்கன்னு எழுதிப்பாங்க. அப்பறம் எந்த ஆஸ்பத்திரிலயும் நைனாவ சேக்க மாட்டாங்க.”

“இப்ப மட்டும் சேத்துக்கினாங்களா?” என்றாள் அவள். “நவுரு.”

சொல்வது சுலபம். முப்பது வருஷமாக ஒருவரும் செய்யாத காரியம் அது. அவள் கதவைத் தட்டினாள். உள்ளே போய்த் தங்கவேலின் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி, திருப்பி, மேஜை மேல் வைத்தாள்.

“எல்லாம் நாங்க சொல்லிக் குடுத்ததும்மா. பத்து நாளா. இந்தாளுக்கு இருபத்தெட்டெல்லாம் வராது.”

அருள்மொழி அட்டையைப் பார்த்தார். தேதி, கிழமை, மாவட்டம், மாடி. சரிம்மா, இதைப் பார்த்து நாலைந்து கேள்விக்குச் சொல்லியிருக்கலாம், மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருமா என்று சந்தேகப்பட்டார். வேம்புலியம்மாளுக்கு அதைக் கேட்டு லேசாகக் கோபம்கூட வந்தது. பத்து நாள் பாடுபட்டவள் அவள்.

“நீங்க ஒண்ணும் கேக்க வேணாம்மா. மூணு வார்த்தன்னு மட்டும் சொல்லுங்க.”

மருத்துவர் தங்கவேலின் பக்கம் திரும்பினார். “ஐயா, நான் இப்ப மூணு வார்த்தை...”

“மல்லிகை, சாவி, படகு” என்றார் தங்கவேல். இன்னும் ஏதாவது வேண்டுமா என்கிற மாதிரி காத்திருந்துவிட்டு, “தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு” என்று தொடங்கினார்.

அருள்மொழி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தண்ணீர் குடித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்டிப்பாகப் பேசினார். பொய்யான மார்க்கின் மேல் மருந்து கொடுத்தால் அந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். இவருக்கும் கெடுதல், பின்னால் வருகிறவர்களுக்கும் கெடுதல் என்றார். நடந்ததை நடந்தபடி எழுதி மேலே அனுப்புவேன், அவர்கள் ஒத்துக்கொண்டால் ஆறு வாரம் கழித்து வேறு கேள்விகளோடு இன்னொரு பரீட்சை, அதுவரை எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அதற்குள் இடம் நிரம்பிவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்றார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். மருந்து எடுப்பவரின் தினப்படி நடவடிக்கைகளை வந்து சொல்ல வீட்டில் ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மகன் என்கிற முறையில் ஜெகதீசன் தன் பெயரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தான். மருத்துவர் அதை அடித்துவிட்டு வேம்புலியம்மாள் என்று எழுதினார்.

அடுத்த ஆறு வாரமும் பெரிய தொல்லை. தங்கவேலுக்கு ஆடிட் பிடித்துப்போயிருந்தது. காலை ஆறரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஹேமாவதி பேனாவோடு வரவில்லையென்றால் முகம் வாடிப்போகும், அன்று முழுக்க வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள் வேம்புலியம்மாள். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தாள். இவருக்கு வேண்டியது யாராவது எதிரில் உட்கார்ந்து தன்னைக் கேட்பதுதான். கேள்வி எதுவாக இருந்தால் என்ன.

அதனால் தேதியையும் மாவட்டத்தையும் விட்டுவிட்டு, எந்த மருத்துவரும் கேட்கவே முடியாத கேள்விகளைக் கேட்டாள். ஸ்டிரைக்கின்போது கேட்டுக்கு முதலில் பூட்டுப் போட்டது யார்? கல்யாணத்துக்கு முன்னால் பேக்கிங் பிரிவுப் பக்கம் அவர் எதற்காக அடிக்கடி எண்ணெய் டப்பாவோடு வந்தார்? டூல்ரூம் தட்சிணாமூர்த்தியின் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கியது யார்? கடைசிக் கேள்விக்குத் தங்கவேல் பதிலே சொல்ல மாட்டேன் என்றார். நாலு நாள் கேட்டும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்து ரகசியம் மூளையில் எந்த மூலையில் கிடந்ததோ, அதை மட்டும் நோய் தொடவில்லை. ஹேமாவதி டிபன் கட்டுகிற நேரத்தில் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்து, மாமா எண்ணெய் டப்பா கதையைச் சொன்ன அன்று கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். டப்பாவில் எண்ணெயே இருந்ததில்லையாம். வேம்புலியம்மாளுக்கே அது அன்றுதான் தெரியும்.

ஜெகதீசனுக்குத்தான் கை துறுதுறுத்தது. நைனா, இன்னிக்கு இன்னா கிழமை என்று வாய் வரைக்கும் வரும். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வான். ஒருநாள் தங்கவேல் தாமாகவே இன்று என்ன தேதி என்று கேட்டபோது, அவன் தேதியைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டான்.

ஆறாம் வாரக் கடைசியில் போன் வந்தது. மேலே ஒத்துக்கொண்டார்கள், இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். இந்தத் தடவை கழுத்தில் ஒன்றும் இல்லை. வேம்புலியம்மாள் அவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் வயிறாரச் சாப்பிட வைத்தாள், அவ்வளவுதான். கேள்விகள் வேறு, வார்த்தைகள் வேறு. தங்கவேல் மூன்று வார்த்தையில் ஒன்றைச் சொன்னார். வருஷத்தில் பத்து வருஷம் பின்னால் போனார். கழிப்பதில் இரண்டு படி இறங்கி நின்றுவிட்டார். இடையில் ஒரு தடவை திரும்பி வேம்புலியம்மாளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

முப்பதுக்கு இருபது.

ஜெகதீசன் எழுந்து நின்று மருத்துவருக்குக் கைகொடுத்தான். கீழே இறங்கிப் போய் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்து நர்ஸுகளுக்கெல்லாம் நீட்டினான். ஹேமாவதி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, “நம்ம பொண்ணு கணக்குல இருபது வாங்குனப்ப சைக்கிளப் பூட்டி வச்ச ஆளு இவரு” என்றாள்.

ஆனால் இன்னும் ஒரு படி இருந்தது. அருள்மொழி எல்லோரையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுவோம். அடிக்கடி தலையை ஸ்கேன் எடுப்போம், ஏனென்றால் சிலருக்கு மூளையில் வீக்கம் வரலாம், ரத்தம் கசியலாம். பலன் இருக்கும் என்று உறுதி கிடையாது. பாதிப் பேருக்கு மருந்தே இருக்காது, வெறும் உப்புத் தண்ணீர்தான் ஏறும். யாருக்கு எது என்று எனக்கே தெரியாது. வேம்புலியம்மாளுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. இதற்கு முன்னால் ஜெகதீசன் எங்கேயோ கண்டுபிடித்த ஓர் இடத்தில் நூறு சதவீதம் குணம் என்றார்கள், அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டாள். இங்கே அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஊசியைப் பிடுங்கினால் என்ன செய்வீர்கள்? அந்த நேரம் நான் பக்கத்தில் இருக்கலாமா? கழிவறை எவ்வளவு தூரம்?

பிறகு அருள்மொழி தங்கவேலின் முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மற்றவர்கள் யாரும் பேசக் கூடாது, ஐயா தன் வாயால் சொன்னால்தான் கையெழுத்து வாங்குவேன், இல்லையென்றால் இல்லை என்றார்.

“ஐயா, உங்களுக்கு என்ன உடம்பு, நாங்க என்ன செய்யப்போறோம்? உங்களுக்குப் புரிஞ்சதைச் சொல்லுங்க.”

தங்கவேலுக்கு என்ன நோய் என்பதை அந்த வீட்டில் இரண்டு வருஷமாக அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை. கேட்டால் சத்துக்குறைவு என்பார்கள். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் தயார் செய்து கொடுத்திருக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. தங்கவேல் பழக்கத்தில் தலையைக் குனிந்தார். அங்கே சட்டைப் பொத்தான்தான் இருந்தது.

“மண்டைல தேய்மானம்” என்றார். “சொல்ல மாட்றாங்க. எனக்குத் தெரியும்.”

அருள்மொழி அதை எழுதிக்கொண்டார். தங்கவேல் மேலே சொன்னார்.

“இது புது மருந்து. இன்னும் லைன்ல உடல. மொத பீஸு ஓட்டிப் பாப்பீங்க. அளவு வந்துச்சுன்னா மொத்த லாட்டும் ஓட்டுவீங்க. வரலன்னா ஸ்கிராப்பு.” கொஞ்சம் யோசித்தார். “பாதிப் பேருக்கு மெஷின் சும்மா சுத்தும்.”

அருள்மொழி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “வேண்டாம்னு தோணினா?”

“சுவிட்சு என் கைல கீது.”

மருத்துவர் மெல்லத் திரும்பி வேம்புலியம்மாளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சத்தியமா நான் இல்லம்மா என்றாள். ஜெகதீசன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த எதையோ படிக்கப் போய்விட்டான்.

தங்கவேல் கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக. அதற்குக் கீழே வேம்புலியம்மாள் போட்டாள். பிறகு அருள்மொழி புதுத் தாள் ஒன்றை எடுத்து, போன வாரம் ஐயா வீட்டில் எப்படி இருந்தார், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள் என்றார். அவர் எதிரிலேயே அவருடைய குறைகளைச் சொல்ல வேண்டும். வேம்புலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை மோட்டாரை நிறுத்த மறந்தார், தெருவெல்லாம் தண்ணீர். புதன்கிழமை இரண்டு தடவை குளித்தார். வியாழன் என்னைக் கொஞ்ச நேரம் யாரென்று தெரியவில்லை, பிறகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

தங்கவேல் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் இந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

“பாலு நான் இல்ல. நீ போன் பேசிகினு இருந்த.”

வேம்புலியம்மாள் நிறுத்தினாள். யோசித்துப் பார்த்தாள்.

“ஆமாம்மா, அது நான்தான்” என்றாள் மருத்துவரிடம். “அதை அடிச்சிடுங்க.”